பதினேழாம் துளை

பதினேழாம் பைலில் கான்கிரீட் இறக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதன் கல் பை என் மேஜைக்கு வந்தது காலை எட்டு மணிக்கு.

மேஜை என்பது இரண்டு பீப்பாய்களின் மேல் போட்ட ஒரு பலகை. தகரக் கொட்டகை. ஒரு தராசு, ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே குழி.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே, சதுப்பின் ஓரத்தில், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று வரவிருந்தது. 1966-இல் அந்தப் பக்கம் நாலு மாடிக்கு மேல் எதுவும் கிடையாது. அடியில் கார்கள் நிறுத்த ஒரு தளம் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் இருபதடி ஆழம் தோண்டியிருந்தார்கள். சுற்றிலும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி, அவை உள்ளே சாயாதபடி குறுக்கே பெரிய மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தகடுகளின் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். தோல் பதனிடும் கொட்டடிகளின் ஓடை பக்கத்தில்தான் ஓடியது. கசிவோடு ஆட்டு மயிர் வரும். தகடுகளில் கொத்துக் கொத்தாக ஒட்டி, காய்ந்து, மறுபடி நனையும். பம்பின் வாய் அடைத்துக்கொண்டால் ஒருவர் கையை விட்டு ஒரு பிடி மயிரை உருவி எறிவார். அதே கையால் பீடி பற்றவைப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாததால் தண்ணீரும் குடிப்பதில்லை. அது மட்டும் பிறகும் மாறவில்லை.

குழியின் தரையிலிருந்து கீழே துளைகள் போகும். மூன்று கால் கம்பத்திலிருந்து ஒரு கனத்த உளியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். உடைந்ததை நீளமான இரும்பு வாளி அள்ளி வரும். பாறை தட்டும் வரை இப்படியே. பாறைக்குள் ஓரடி இறங்கிய பிறகு கம்பிக்கூட்டை உள்ளே விட்டுக் கான்கிரீட் இறக்குவார்கள். அந்தத் தூண்தான் பைல். சேற்றைத் தாண்டிப் போய்ப் பாறையில் ஊன்றி நிற்கும் கால். கான்கிரீட் இறங்கிவிட்டால் அதற்கு அடியில் இருப்பது பாறையா சேறா என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதனால் வாளியில் வரும் பாறைச் சில்லுகளைத் துணிப்பையில் கட்டி எனக்கு அனுப்புவார்கள். நான் கழுவி, நிறம் பார்த்து, காற்றில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை நிறுத்து எழுதுவேன். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்தவளுக்கு அது பெரிய வேலையில்லை.

நாற்றம்தான் பெரிது. துளையின் சுவர் சரியாமல் இருக்க ஒரு வகைக் களிமண்ணைக் கரைத்து விளிம்பு வரை நிரப்பி வைத்திருப்பார்கள். சில்லுகள் அந்தக் குழம்பைப் பூசிக்கொண்டு, மூக்குச் சளிக்குள் கிடந்து வருவதுபோல் வரும். அதற்குள் கடற்சேற்றின் அழுகிய முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்பைடு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வாடை குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு பைக்கும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். மோந்து பார்ப்பேன். மறுபடி கழுவுவேன்.

பதினேழாம் பையை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவிழ்த்தேன். பிடித்த மூச்சை விட்டேன். நாற்றம் இல்லை.

கற்கள் கறுப்பாக, காய்ந்து, சுத்தமாக இருந்தன. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். துணி சோப்பு வாசனை.

முந்திய பதினாறு பைகளிலும் வந்த கல் மஞ்சளும் பச்சையும் கலந்தது. நகத்தால் கீறினால் மாவாக வரும். பார்க்கப் பாறை மாதிரியே இருக்காது. ஆனால் அந்த மனைக்கு அடியில் இருக்கும் பாறை அதுதான்.

பைலிங் கோஷ்டியின் மேஸ்திரி சொரிமுத்து வாசலில் வந்து நின்றார். தாராவிக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் இருபது பேரை அவர்தான் அழைத்து வந்திருந்தார்.

"லேப் அம்மா, கல்லு வந்துட்டுல்லா? எப்படி, பளபளன்னு இருக்கா?"

"யார் கழுவினா?"

"நம்ம பயலுவதான். நான்தான் சொன்னேன். அந்தம்மா அய்யமாரு வீட்டுப் புள்ள, ஒவ்வொரு கல்லையும் தொட்டுட்டுக் கைய மோந்து மோந்து பாக்குது, வாந்தி எடுக்கப் போற மாதிரி மூஞ்சி போவுது. இந்த ஒரு பையையாது சோப்புப் போட்டு வெளக்கிக் குடுங்கலேன்னேன். ஒரு கட்டி முழுசாக் காலி."

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார். எனக்குக் காது சூடாகியது.

"கறுப்பா இருக்கே."

"பாறைன்னா கறுப்பாத்தான இருக்கும். மத்ததெல்லாம் என்னத்தப் பாறை, மூணு நாள் பழைய புட்டு மாதிரி உதிருது."

"அதெல்லாம் ஒரே பாறை. இது வேற."

சொரிமுத்து குழியைப் பார்த்தார். "அதெல்லாம் இன்ஜினீயர் சாப் பாத்துக்கிடுவாவ. நீங்க எடை போட்டு எழுதுங்க, தாயி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் கான்கிரீட் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போனேன். செம்பூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரியில் வரும் ஜல்லி அங்கே குவிந்து கிடந்தது. ஆட்கள் பார்த்தார்கள். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு தலையை நிமிர்த்தாமல் திரும்பி வந்தேன். இரண்டையும் பலகையில் பக்கம் பக்கமாக வைத்தேன். அதே கறுப்பு. அதே கூர் முனை. உளி நசுக்கிய கல்லுக்கு அப்படி முனை இருக்காது. அது மெஷினில் உடைத்தது. இரண்டையும் நிறுத்தேன். அதே அடர்த்தி.

அன்றைக்குத்தான் அந்தக் கொட்டகையில் முதல் முறையாக எனக்கு உண்மையிலேயே குமட்டியது. வாடை எதுவும் இல்லாமலே.

சைட் இன்ஜினீயர் வேங்கடசுப்ரமணியன் என் அக்கா விசாலாக்ஷியின் கணவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அக்காவுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதனால் அத்திம்பேரும் வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுச் செம்பூர் க்வார்ட்டர்ஸுக்குப் போவார்.

அன்றும் வந்தார். காலை மட்டும் அலம்பிக்கொண்டு இலை முன் உட்கார்ந்தார். நகக்கண்களில் சேறு கறுப்பாக இருந்தது. அந்த விரல்களால் ரேஷன் அரிசிச் சாதத்தைப் பிசைந்தார்.

"என்னடி அபயம், பதினேழுக்கு எழுதிட்டியா?"

"இல்லை."

"ஏன்?"

"அது ஜல்லி, அத்திம்பேர்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அல்லது இல்லையென்று சாதிப்பார். இரண்டும் இல்லை. சிரித்தார்.

"சமத்து. விசாலம், பாத்தியா உன் தங்கையை? ஒருத்தன் கண்ணுலயும் படாதது இவ கண்ணுல பட்டுடுத்து. இவளுக்கு வரப்போறவன் பாடு திண்டாட்டம்தான்." ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். "மஞ்சக் கல்லைத்தான் தேடினேன். எல்லாத்தையும் நீ எடை போட்ட கையோட ஓடையிலே கொட்டிட்டே. உன் ஆசாரம் அப்படி. ஒரு சில்லு பாக்கி இல்லை."

"பாறை எத்தனை அடியிலே?"

"இருந்தாச் சொல்ல மாட்டேனா? அறுபதடி போயாச்சு. ஓடைப் பக்கம் அது சரிஞ்சு எங்கேயோ போறது. கான்கிரீட் இறக்கற பைப் கையில இருக்கறது அவ்வளவு நீளம்தான். மேல பைப் வரவழைச்சா ஒன்றரை மாசம். அதுக்குள்ள மழை பிடிச்சுடும், குழியே நிக்காது. ஹெட் ஆபீஸ்ல என்னைத் தூக்கி எறிவா. க்வார்ட்டர்ஸும் போயிடும். உங்கக்காவையும் குழந்தையையும் எங்கே கொண்டு வெப்பேன், உங்காத்துக் கூடத்துலயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன. சுவரில் சாய்ந்து நீட்டி வைத்திருந்தாள்.

"அதனால, நாலு தள்ளுவண்டி ஜல்லியை உள்ள கொட்டி நன்னாக் குத்துடான்னு நான்தான் சொன்னேன்" என்றார் அத்திம்பேர். "உளி விழுந்தா டங்குங்கறது. கேக்கறவாளுக்குப் பாறை. அவ்வளவுதானே?"

"அது லிஃப்ட் வர மூலை."

"ஒரு பைல்டி. மத்ததெல்லாம் சேர்ந்து தாங்கிக்கும். இட்லித் தட்டுல ஒரு குழி காலியா இருந்தா மத்த இட்லி வேகாதா?" அம்மா மோர் ஊற்றினாள். மோர் அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை போனது. கையைத் தூக்கி முழங்கையிலிருந்து மேலாக நக்கினார். "நிறம்னு ஒரு இடம் இருக்கோல்லியோ, அங்கே கறுப்புன்னு போடு. பொய்யில்லையே. கறுப்புதானே?"

"அவர் சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்" என்றாள் அக்கா. "ஒரு கையெழுத்து. அதுக்குப்போய் ஏன் முகத்தை இப்படி வெச்சுக்கறே?"

என் இலையில் சாதம் அப்படியே இருந்தது. அந்தக் குழியின் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறதாக்கும் என்று அம்மா சொன்னாள். அத்திம்பேர் ஏப்பம் விட்டார். ரசம் பேஷ் என்றார்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே சைட்டுக்குப் போய்விட்டேன். அதுவரை நான் குழிக்குள் இறங்கியதில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் ஈரமான மயிர். கையில் ஒட்டியதை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. புடவையிலேயே துடைத்தேன். கீழே தரை இல்லை. கணுக்கால் வரை உள்வாங்கும் சேறுதான் தரை. தலைக்கு மேல் முட்டுக் கட்டைகள் வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டின. ஓடை என் தோளுக்கு மேலே, தகட்டின் அந்தப் பக்கம் ஓடுவது கேட்டது.

சொரிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கட்டை மேல் வைத்தார்.

"ஆழம் பாக்கற குண்டைப் பதினேழுல விடணும்" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. வந்திருந்தது.

"எதுக்கும்மா? எல்லாம் முடிஞ்சாச்சுல்லா."

"ஒரு தடவை விடுங்கோ."

அவர் சங்கிலியில் கட்டிய இரும்புக் குண்டை எடுத்துத் துளைக்குள் விட்டார். சாம்பல் நிறக் குழம்பு அதை விழுங்கியது. சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. பாறை இருந்தால் குண்டு தட்டி நிற்கும், சங்கிலி உடனே தொய்யும். அறுபதடியில் ஒரு சின்ன நறநறப்பு கேட்டது. சங்கிலி தொய்யவில்லை. நின்று, யோசித்து, மெதுவாக இன்னும் கீழே போனது.

"தோச மாவுல கரண்டி விட்டாப்ல போவுது" என்றார் சொரிமுத்து. அவர் ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மேலே இழுத்தபோது குண்டில் கறுப்புக் களி அப்பியிருந்தது. அதில் ஒரே ஒரு ஜல்லி, லட்டில் முந்திரி மாதிரி பதிந்திருந்தது. அதன் வாடை முகத்தில் அடித்தது. இத்தனை மாதமாக நான் அருவருத்த அதே வாடை. அன்று அது எனக்கு எதுவும் செய்யவில்லை.

"பெரிய சாப்கிட்டச் சொல்லப் போறியளா?"

"தெரியலை."

"சொன்னா நாங்க மழைக்குள்ள இன்னும் ரெண்டு மாசம் இந்தச் சேத்துல கெடக்கணும். சொல்லாட்டி பதினாலு மாடிக்காரன் கெடப்பான்." அவர் டீயை எடுத்தார். அதில் ஈ விழுந்திருந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். "ரெண்டும் நாறத்தான் செய்யும்."

ஜஹாங்கீர் ஒன்பதரைக்கு வந்தார். முதலாளி வைத்திருந்த ஆலோசகர்; சொரிமுத்து சொன்ன பெரிய சாப். பார்ஸி. உயரமான கிழவர். வெள்ளைக் கால்சட்டை. அவர் தலையசைக்காமல் எந்தத் துளையிலும் கான்கிரீட் இறங்காது. கொலோன் தெளித்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் எப்போதும் குழிக்குள் இறங்குவார். அன்று ஏணியில் பாதி இறங்கியதும் நின்று, தகடுகளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, மறுபடி இறங்கினார்.

பைல் பாறை தொட்டால் அங்கே ஒரு வழக்கம். வெற்றிலை மேல் பாறைச் சில்லுகளை வைத்துக் குங்குமம் இடுவார்கள். தேங்காய் உடைப்பார்கள். எல்லோருக்கும் பேடா. அத்திம்பேர் தட்டோடு தயாராக நின்றார். வெற்றிலையின் மேல் கறுப்புக் கற்கள். குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்திருந்தார். புதுச் சட்டை.

"எழுதினியோ?" என்று என் காதருகில் கேட்டார்.

"இல்லை."

"பரவாயில்லை, அப்புறம் எழுதிக்கலாம். அவர் கேட்டா தலையை ஆட்டு, போறும். நோக்குத்தான் பேசவே வராதே." தோளில் செல்லமாகத் தட்டினார். தட்டிய இடத்தில் துணி தோலோடு ஒட்டியதுபோல் இருந்தது.

தேங்காய் உடைந்தது. அதன் தண்ணீர் சேற்றில் விழுந்தது. மேலே கான்கிரீட் மிக்ஸர் சுழல ஆரம்பித்தது. ஜஹாங்கீர் கைக்குட்டையை எடுக்காமலே கற்களை ஒரு பார்வை பார்த்தார். "குட், குட். நல்ல கறுப்புக் கல்" என்றார் இங்கிலீஷில். பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டிக்ரி, உன் லேபில் எல்லாம் சரிதானே?"

டிக்ரி என்றால் அவர்கள் பாஷையில் மகள். எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் பதில் சொன்னேன். மிக்ஸர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். பேடாவும் கொலோனும் சேர்ந்து மணத்தன.

"பதினேழில் பாறை இல்லை, ஸார். இது ஜல்லி. காலையில் குண்டு விட்டுப் பார்த்தேன். அடியில் சேறு."

அவர் நிமிர்ந்தார். மிக்ஸரை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அது நின்றதும் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். குங்குமத்தைக் கட்டை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தார். முதல் முறையாகக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து, கல்லை மோந்தார்.

"இது என்ன, வேங்கடசுப்ரமணியன்?"

அத்திம்பேரின் முகம் ஒரு நொடிதான் வெறிச்சென்று இருந்தது. அதன்பின் அதில் அதிர்ச்சி வந்தது, கோபம் வந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இட்லியைப் பற்றிப் பேசிய அதே வாய். சொரிமுத்துவின் பக்கம் திரும்பி, ஜல்லி போட்டது நீதானா என்று ஹிந்தியில் கேட்டார், ஜஹாங்கீருக்குப் புரியட்டும் என்று.

"க்யா ரே சொரிமுத்து, ஜல்லி டாலா க்யா தூனே?"

சொரிமுத்து அவரைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"சாப்" என்றார். 

"பார்த்தீர்களா ஸார்" என்றார் அத்திம்பேர், இப்போது இங்கிலீஷில். "நான் ஹெட் ஆபீஸ் போன சமயம் பார்த்து வேலையைச் சீக்கிரம் முடிக்கிறதுக்காக இப்படிப் பண்ணியிருக்கிறான். இவன் ஆட்களே இப்படித்தான். நம்பி விட்டது என் தப்பு. இந்தப் பெண் கண்டுபிடித்தாள், என் மைத்துனி, நான்தான் பயிற்சி கொடுத்தேன்."

"மொத்தக் கோஷ்டியையும் வெளியே அனுப்பு" என்றார் ஜஹாங்கீர். "போலீஸ் சௌக்கிக்கு ஆள் அனுப்பு. பதினாலு மாடி. இவன் எத்தனை பேரைக் கொல்லப் பார்த்தான்?"

சொரிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. போலீஸ் என்ற வார்த்தை புரிந்தது. அவருடைய ஆட்கள் முட்டுக் கட்டைகளுக்கு அடியில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. சேற்றைப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார், ஏதோ அதை யாரோ கேட்டதுபோல.

அத்திம்பேர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். முடிந்தது, நீ நல்ல பெண், பாறை இல்லை என்று சொன்னாய், போதும் என்ற தலையாட்டல். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அக்காவுக்கும் இல்லை. க்வார்ட்டர்ஸ் இருக்கும், வீங்கிய காலை நீட்டிக்கொள்ள ஒரு கூடம் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டால் போதும், அது எனக்கு நன்றாக வரும்.

அவர் பேடாத் தட்டை ஜஹாங்கீரிடம் நீட்டினார், இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

"ஸார்" என்றேன்.

ஜஹாங்கீர் திரும்பினார். இந்த முறை இரைச்சல் இல்லை. குனிய வேண்டியிருக்கவில்லை.

"ஜல்லியைக் கொட்டச் சொன்னது மிஸ்டர் வேங்கடசுப்ரமணியன். நேற்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவரே என்னிடம் சொன்னார்."